பிரிக்கப்படாத நூல்

இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பூண்டுள்ள போர்ட் பிளேரில் வாழும் தமிழர் அனைவரும் செல்லுலார் சிறையை அறிவர். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் 1909-இல் தண்டனை பெற்று அங்கு அடைபட்டோருள் ஹேமசந்திர கானூங்கோ ஒருவர்; பாரிஸ் சென்று குண்டு செய்யக் கற்று வந்தவர்.

1908-இன் தொடக்கத்தில், கல்கத்தா நீதிபதி கிங்ஸ்போர்டுக்குப் பருத்த சட்டநூல் ஒன்று பொதியாக வந்தது. அதன் தாள்களைக் குடைந்து, ஹேமசந்திரர் செய்த குண்டினை உள்ளே வைத்திருந்தனர். தாம் இரவல் கொடுத்த நூல் திரும்பியதென எண்ணிய நீதிபதி, பிரிக்காமலே ஒதுக்கி வைத்தார், உயிர் தப்பினார்.

பின்னர் அவர் பீகாரின் முசாபர்பூருக்கு மாற்றப்பட்டார். அவர் உயிருக்கு ஆபத்து என்னும் செய்தி எட்டவே, காவலர் நிறுத்தப்பட்டனர். எனினும் ஏப்ரல் 30 இரவு, அவருடைய வண்டியெனக் கருதி எறியப்பட்ட குண்டு, கென்னடி குடும்பப் பெண்டிர் இருவரைக் கொன்றது. குறிக்கப்பட்டவர் பிழைத்தார், வழிச்சென்றவர் மாண்டனர். அவ்வாண்டு ஜூனிலேயே வெடிபொருள்கள் சட்டம் இயற்றப்பட்டது. மறைந்து கிடந்த நூலைப் பிற்பாடு துப்பறிந்து கண்டெடுத்த காவல்துறை, வெடிபொருள் வல்லுநரைக் கொண்டே அதனைத் திறந்தது.

இவ்விரண்டும் காவல்துறைக்குப் பாடங்கள். நீதிபதியைக் காத்தது அறிவன்று, தற்செயல். தற்செயலை நம்பி இருத்தல் ஆகாது. மிரட்டல் வந்தால் அதனை மெய்யெனவே கொள்ள வேண்டும். ஐயத்துக்குரிய பொருளைத் தொடாமலும் அசைக்காமலும் விட்டு, மக்களை அப்புறப்படுத்தி, வல்லுநரை அழைக்க வேண்டும். மிரட்டப்பட்டவரைச் சுற்றி நிற்பது பாதிக் காவலே. அவ்வழியே செல்லும் பெயரறியா மனிதரையும் காப்பதே முழுக் காவல்.