வெயிலுக்கு ஒவ்வாத தோல் குல்லா

மதுரையில் 38 டிகிரி வெயில் கொளுத்தும் நாளிலும் வானில் 10,000 அடி உயரத்தில் கொடைக்கானல் பகலின் குளிர்ச்சிதான் இருக்கும். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி வீதம் சூடு இறங்கிக்கொண்டே போகும். மேல்மூடி இல்லாத விமானம் என்றால் முகத்தில் அறையும் காற்றும் இன்ஜின் இரைச்சலும் வேறு. அந்தக் கால விமானிகள் காது, பிடரி, தாடை எல்லாம் மறையத் தோல் குல்லாவை இழுத்து மாட்டிக்கொண்டது அழகுக்காக அல்ல.

இன்று நகல் எடுத்து விற்கும் விமானிக் குல்லாக்களில் பல, பிரிட்டிஷ் விமானப்படையின் ‘பி டைப்’ குல்லாவைப் பார்த்துத் தைத்தவை. 1940இல் இங்கிலாந்து வானில் ஜெர்மன் விமானங்களை மறித்தவர்கள் அணிந்தது அதுதான். வெளியே பழுப்புத் தோல். உள்ளே மெத்தென்ற ஷாமாய் தோல். காதுக்கு மேல் புடைத்த நீள்வட்டப் பை, அதற்கு ஒரு ஜிப். வானொலிக் கருவியின் காதொலி வில்லையை அந்தப் பைக்குள் வைத்து மூடுவார்கள். பயிற்சி விமானத்தில் ஆசிரியரின் குரல் ரப்பர் குழாய் வழியாகக் காதுக்கு வரும்.

இந்திய விமானப்படையின் முதல் அணி 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் நான்கு வாபிட்டி விமானங்களோடு தொடங்கியது. நம் ஊர் வெயிலில் தோல் குல்லாவோடு தரையில் காத்திருப்பதே தண்டனை. அதற்காகவே போர்க்காலத்தில் ‘டி டைப்’ வந்தது: காக்கித் துணி, பிடரியில் வெயில் படாமல் தொங்கும் ஒரு மடிப்பு. 1942இல் மதுரை விமானத்தளத்தைப் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தத் தொடங்கியபோது இந்தச் சமவெளிக்குப் பொருந்தியது அந்தத் துணிக் குல்லாதான். நகல் போடுகிறவர்கள் அதை அதிகம் சீந்துவதில்லை. தோல் இல்லாவிட்டால் வீரம் குறைந்துவிடும் போலும்!

தோலுக்கு நம் பக்கமும் ஒரு கதை உண்டு. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் திண்டுக்கல். அங்கே தோல் ஷாப்களில் ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்தினார்கள். குழியில் இறங்கி நின்றவர்களின் வாழ்க்கையை டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலில் எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

சென்னை மாகாணத்தின் அரைப்பதத் தோல் கப்பலேறி லண்டன் போகும். சாயமும் மெருகும் தையலும் அங்கே, நாற்றமும் கழிவுநீரும் இங்கே. முதல் உலகப்போரில் மாகாணத்து மாட்டுத்தோல் பட்டாள பூட்ஸுக்குப் போயிற்று. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கடிவாளம் போட்ட பிறகுதான் தைத்த சரக்காக அனுப்பும் தொழில் பெருகியது. பழைய ராணுவ ஜாக்கெட், குல்லா நகல்கள் இந்தியத் தையல் கூடங்களிலிருந்து வெளிநாட்டுக் கடைகளுக்குப் போவது அதன் தொடர்ச்சி.

நகலைக் கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பல நகல்களில் உள்ளே செயற்கை ரோமம் இருக்கும். ‘பி டைப்’பில் ரோமமே கிடையாது, அமெரிக்கக் குளிர்காலக் குல்லாவிலிருந்து இரவல் வாங்கிய அலங்காரம் அது. காதுப் பையில் ஸ்பாஞ்ச் அடைத்திருப்பார்கள்.

இதை மாட்டிக்கொண்டு புல்லட் ஓட்டும் ஆசை சிலருக்கு. விழுந்தால் அடி தாங்க இதில் ஒன்றும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு கேட்பது ஐ.எஸ். 4151 தரத்துக்கான முத்திரை உள்ள ஹெல்மெட்டை.

குளிருக்கென்றால் மங்கி குல்லா போதும். அதுவும் பட்டாளச் சரக்குதான். 1854இல் கிரிமியப் போரின்போது பாலக்ளாவாக் குளிரில் விறைத்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக ஊரில் பின்னி அனுப்பிய கம்பளிக் குல்லாக்கள் அதன் முன்னோடி. மதுரையிலிருந்து கிளம்பிய கொடைக்கானல் பஸ் பெருமாள்மலையைத் தொடுவதற்குள் வயதானவர்கள் பையைத் துழாவி அதை மாட்டியிருப்பார்கள்.