வன்னி ஆறுகளும் ஒரு ரயர் ரியூப்பும்

வெப்பமண்டலத் தீவுகளுக்கு விடுமுறைக்குச் செல்வோர் மத்தியில் 'ரியூபிங்' என்றொரு பொழுதுபோக்கு பெயர் பெற்றிருக்கின்றது. காற்றடைத்த பெரிய இறப்பர் வளையத்தில் சாய்ந்து கொண்டு, வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, ஆற்றின் போக்கிலே மிதந்து செல்வதுதான் அது. துடுப்பு வேண்டாம். நீந்தத் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் இதனை அனுபவித்துவிட்டு வந்து, நிழற்படங்களைக் காட்டுகிறார்கள். அவர்களில் சிலர், "அப்பாவின் ஊரிலும் ஆறு இருக்கிறதாமே, அங்கேயும் இப்படிப் போகலாமா?" என்று கேட்பதுண்டு. அப்பாவின் ஊர் வன்னியாக இருந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு வரியிலே பதில் சொல்லிவிட முடியாது.

முதலில் ஹவாய்க்குச் சென்று வருவோம். அங்குள்ள கவாய் தீவில் சுற்றுலாப் பயணிகள் மிதந்து செல்லும் நீரோட்டம் இயற்கையான ஆறே அன்று. அது 1870 அளவில் லிஹுவே கரும்புத் தோட்டத்துக்காக மனிதர் வெட்டிய வாய்க்கால். மலையைக் குடைந்த சுரங்கங்களும் அதில் உண்டு. தலையில் விளக்குப் பொருத்திய கவசத்துடன் பயணிகள் அந்த இருட்டுக்குள் மிதந்து சென்று மறுபக்கம் வெளிவருகிறார்கள். ஹவாயின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள் சீனாவிலிருந்தும் யப்பானிலிருந்தும் போர்த்துக்கலிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் கொண்டுவரப்பட்ட கூலித் தொழிலாளர்கள். மலையகத் தமிழரின் வரலாறு அறிந்தோருக்கு இந்தக் கதை புதிதாக இராது. 2000ஆம் ஆண்டில் அந்தத் தோட்டம் மூடப்பட்டது. அதன் பின்னர் வாய்க்கால் உல்லாசப் பயணிகளின் கைக்கு வந்தது.

கவாயின் நடுவிலுள்ள வையலேலே மலை உலகிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்குச் சுமார் 10,000 மில்லிமீற்றர் என்கிறார்கள். வன்னி பெறுவதோ 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர் வரைதான். அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் தொடங்கி சனவரி வரையான மாரிகாலத்தில் கொட்டித் தீர்த்துவிடும். கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு, பறங்கியாறு, நெத்தலியாறு, மண்டைக்கல்லாறு என்று பெயர்கள் நிறைய இருப்பினும், ஆண்டின் பாதி நாள்களில் இவை மணற்பாதைகளே. நீர் மடுக்களில் மட்டும் தங்கி நிற்கும். மானும் யானையும் மனிதரும் அந்த மடுக்களை நம்பியே வாழ்ந்தனர். இரணைமடு, பாலமடு என்ற பெயர்களுக்கும், குளம் என்றும் மோட்டை என்றும் முடியும் எண்ணிறந்த ஊர்ப் பெயர்களுக்கும் காரணம் இதுவே. வன்னியான் ஆற்றை நம்பவில்லை, ஆற்றை மறித்துக் கட்டிய குளத்தையே நம்பினான்.

ஆகவே வன்னியின் எழுதப்பட்ட வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற ஆற்றுவழிப் பயணம் கால்நடையாகவே நிகழ்ந்ததில் வியப்பில்லை. 1660இல் கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் சிக்கிய றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாக இருந்துவிட்டு, 1679 ஒக்டோபரில் தப்பினார். அனுராதபுரத்திலிருந்து அவரும் அவருடைய தோழர் ஸ்டீபன் றட்லண்டும் பிடித்த வழி அருவியாறு. சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் அந்த ஆறு அனுராதபுரத்திலிருந்து வடமேற்காக ஓடி, வவுனியா மாவட்டத்தின் மேற்கெல்லைப் பக்கமாகச் சென்று, மன்னார்க் கடலில் விழுகின்றது. ஆறு எப்படியும் கடலுக்குத்தான் போகும், ஊர்களைத் தவிர்க்க அதன் கரையும் மணலுமே நல்ல பாதை என்பது அவர்களுடைய கணக்கு. யானைகளுக்கும் முதலைகளுக்கும் நடுவே நடந்து, ஒக்டோபர் 18ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தரின் கோட்டையை அடைந்தனர். இரண்டு ஆண்டுகளின் பின் இலண்டனில் வெளிவந்த தமது நூலில், வழியிலிருந்த தமிழ்ப் பகுதியை ஆண்ட வன்னியன் ஒருவனையும் நொக்ஸ் குறிப்பிடுகிறார். பனங்காமத்துக் கயிலாய வன்னியனே அவன் என்று ஆய்வாளர் கொள்வர். மாரி சற்று முந்தியிருந்தால் அந்த நூலே நமக்குக் கிடைத்திராது என்று நான் எண்ணுவதுண்டு.

அதே அருவியாற்றங்கரையில், சரியாக 330 ஆண்டுகளின் பின், வேறொரு கூட்டம் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு வருவேன்.

வன்னியின் நீரை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் ஆங்கிலேயப் பொறியியலாளர்களுக்குப் பங்குண்டு. 1885இல் ஹென்றி பார்க்கர் என்பவர் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவில் ஒரு பெருங்குளம் கட்டுவதற்கான திட்டத்தை வரைந்தார். 1902இல் வேலை தொடங்கி 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. வேலையாட்களுக்காகக் காட்டினுள் எழுந்த குடியிருப்பைச் சூழ்ந்துதான் கிளிநொச்சி வளர்ந்தது. 1936இல் யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்கும் நோக்குடன் குடியேற்றத் திட்டம் வந்தது. பின்னர் கட்டு பல தடவை உயர்த்தப்பட்டு, குளத்தின் கொள்ளளவு ஒரு இலட்சம் ஏக்கர் அடியைத் தாண்டியது. இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களால் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் விளைகின்றது. 1970களில், குறிப்பாக 1977 வன்செயல்களின் பின், மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்ட குடும்பங்கள் பல இந்த வாய்க்கால்களின் ஓரங்களில் வந்து குந்தின. அவர்களிற் பலருக்குக் காணியும் இல்லை, நீரில் உரிமையும் இல்லை. மற்றவரின் வயலில் கூலி வேலைதான். தோட்டத்து வாய்க்கால் வெட்டியோரின் பேரப்பிள்ளைகளை ஹவாயிலே யாரும் கேட்டிருப்பார்களா தெரியாது. இங்கே கேட்கவில்லை என்பது தெரியும்.

இனி இறப்பர் வளையத்தின் கதை. காற்றடைத்த சக்கரத்துக்கு 1845இலேயே றொபேட் தொம்சன் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆயினும் அதனை வழக்குக்குக் கொண்டுவந்தது 1888இல் டன்லப். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1876இல், பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து கியூ தாவரவியற் பூங்காவில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்து கம்பகாவின் ஹெனரத்கொடையில் நடப்பட்டிருந்தன. லொறிகளும் உழவு இயந்திரங்களும் வன்னிக்கு வந்தபோது பழைய ரியூப்புகளும் கூடவே வந்தன. அதற்கு முன் வெள்ளத்தைக் கடக்க வாழைக்குற்றிகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பமே இருந்தது. குளத்து மீனவர் விரைவிலேயே ரியூப்பைப் பிடித்துக்கொண்டனர். ஊதிய லொறி ரியூப்பில் அமர்ந்து, கையால் நீரைத் தள்ளிப் போய் வலை விரிப்பதை வன்னியின் குளங்களிலே காணலாம். வள்ளம் வாங்க வசதியற்றவனின் வள்ளம் அது. சிறுவர்களோ குளம் வான் பாயும் நாள்களில் அதனைக் கொண்டுபோய் வாய்க்காலில் விட்டு, துருசிலிருந்து மதகு வரை மிதப்பார்கள். பெரியவர் கண்டால் பூவரசங் கம்புதான். ஹவாயில் காசு கொடுத்துச் செய்வதை இங்கு அடிவாங்கிக்கொண்டு செய்தார்கள், அவ்வளவே வேறுபாடு.

போர் வந்தபின் நீரில் மிதப்பதன் பொருளே மாறிற்று. 1990 யூனில் சண்டை மீண்டும் மூண்டு ஆனையிறவுப் பாதை மூடப்பட்டதும், குடாநாட்டையும் வன்னியையும் இணைக்க யாழ்ப்பாணக் கடனீரேரியே எஞ்சியது. சங்குப்பிட்டி–கேரதீவுப் பாதையும் அடைபட்டபின் கிளாலியே வழி. நோயாளிகள், மாணவர்கள், கொழும்பில் கடவுச்சீட்டு எடுக்கச் செல்வோர், பலசரக்கு மூடைகள் என யாவும் இருளிலேதான் கடந்தன. இயந்திரம் பூட்டிய படகொன்றின் பின்னே வேறு படகுகளைக் கயிற்றால் தொடுத்து இழுத்துச் செல்வார்கள். விளக்கில்லை, குழந்தை அழக் கூடாது. 1993 சனவரி 2ஆம் நாள் இரவு கடற்படையின் சுற்றுக்காவற் படகு இத்தகைய பயணிகளை மறித்துத் தாக்கியது. இறந்தோர் தொகை 35 முதல் 100 வரை என்று பலவாறாகச் சொல்லப்படுகின்றது. மீட்கப்பட்ட உடல்கள் மிகச் சிலவே. ஏனையோரைக் கடனீரேரி வைத்துக்கொண்டது. ஆயினும் மக்கள் அவ்வழியைக் கைவிடவில்லை, கைவிடவும் முடியவில்லை. 1995இன் பிற்பகுதியில் வலிகாமத்திலிருந்து பெயர்ந்தோரில் பெருந்தொகையினர் கிளாலி கடந்தே வன்னிக்கு வந்தனர். இன்று சங்குப்பிட்டியில் 2011 சனவரியில் திறக்கப்பட்ட பாலத்தால் ஒருசில நிமிடங்களில் கடந்துவிடுகிறோம்.

2009இன் தொடக்கத்தில் நீரும் ஆயுதமாயிற்று. சனவரி பிற்பகுதியில் கல்மடுக்குளத்தின் கட்டைப் புலிகள் தகர்த்து, முன்னேறிய படையினர் மீது வெள்ளத்தைப் பாய்ச்சினர் என்று இராணுவம் அறிவித்தது. அதன்பின் மக்கள் கிழக்கே, கிழக்கே என்று தள்ளப்பட்டு, நந்திக்கடல் கடனீரேரிக்கும் பெருங்கடலுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணற்றிட்டில் நெருக்குண்டனர். ஏப்ரல் 20ஆம் நாள் புதுமாத்தளனில் மண்ணணை உடைந்ததைத் தொடர்ந்து ஓரிரு நாள்களில் ஒரு இலட்சம் பேரளவில் வெளியேறினர். அதற்கு முன்னும் பின்னும் கடனீரேரியை இறங்கிக் கடந்தோர் ஏராளம். கழுத்தளவு நீரில் பையைத் தலையில் வைத்து நடந்தனர். நடக்க இயலாத கிழவிகளையும் காயப்பட்டோரையும் குழந்தைகளையும் ரயர் ரியூப்பில் இருத்தித் தள்ளிச் சென்றதைப் பின்னாளில் பலர் என்னிடம் கூறியிருக்கிறார்கள். உழவு இயந்திரத்தைக் கைவிட்டபோது அதன் ரியூப்பை மட்டும் கழற்றி எடுத்து வந்ததாக ஒரு முதியவர் சொன்னார். வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் பார்க்க அது பெறுமதியாகப் பட்டதாம். மே 18இல் போர் முடிந்தது.

வெளியேறியோரைக் கொண்டுபோய் அடைத்த மெனிக் பாம் முகாம் செட்டிகுளத்தில் இருந்தது. அதாவது அருவியாற்றங்கரையில். நொக்ஸ் விடுதலை தேடி நடந்த ஆற்றின் நீரையே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் முட்கம்பிக்குள் இருந்து குடித்தனர். 2012 செப்தெம்பரில் முகாம் மூடப்பட்டது.

இப்போது அந்தப் பிள்ளைகளின் கேள்விக்கு வரலாம். போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே நந்திக்கடலோரத்தில் இராணுவம் ஒரு விடுதியை நடத்தியது. தென்னிலங்கையிலிருந்து பேருந்துகளில் வந்தோர் போர்ச் சின்னங்களைப் பார்த்துவிட்டு அதன் முற்றத்திலே நின்று படமெடுத்தனர். இறந்தோருக்கு விளக்கேற்றப் போனவர்களுக்கோ பல ஆண்டுகள் தடை. சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டதும் முல்லைத்தீவு மக்கள் முகத்தைத் திருப்புவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். ஆனால் சுற்றுலாவே வேண்டாம் என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. வன்னியின் இளைஞருக்குத் தொழில் வேண்டும். 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளத்தில், கனகராயன் ஆறு வந்து கலக்கும் இடத்தில், பூநாரைகளைக் காட்ட அவ்வூரவர் ஒருவரை விடச் சிறந்த வழிகாட்டி யார்? யார் நடத்துவது, வருவாய் யாருக்குப் போவது, எந்த நீரில் இறங்குவது என்பவைதான் பேச வேண்டியவை. லாவோஸ் நாட்டின் வாங் வியெங்கில் நாம் சொங் ஆற்றில் இதே ரியூப் மிதப்பு கட்டற்று வளர்ந்து, கரையெல்லாம் மதுச்சாலைகளாகி, 2011இல் மட்டும் குறைந்தது 27 பயணிகள் இறந்தனர். மறு ஆண்டு அரசு அவற்றை மூட வேண்டியதாயிற்று.

வன்னி நீரின் கணக்கு வேறு. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டுசெல்வதற்கே கிளிநொச்சி விவசாயிகள் ஒப்பவில்லை. அந்தப் பிணக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, ஈற்றில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலை தாளையடியில் எழுந்து 2024இல் திறக்கப்பட்டது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டங்கூடித் தீர்மானிக்கும் ஊரில், உல்லாசத்துக்கு வாய்க்கால் திறப்பதை யாரும் நினைத்தும் பார்க்கமாட்டார்கள். மாரியிலோ மிதக்க அஞ்ச வேண்டும். 2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழையில் இரணைமடுவின் வான் கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலங்கள் மூழ்கின. கதவுகளை நேரத்துடன் திறக்கவில்லை என்று மக்கள் பொறியியலாளரைக் குற்றஞ்சாட்ட, விசாரணையும் நடந்தது.

மழை விட்ட ஓரிரு கிழமைகள், தை பிறக்கும் வேளை, நீர் தெளிந்து வாய்க்கால் நிதானமாக ஓடும். சிறுவர் இறங்குவது அப்போதுதான். இப்போது ஒரே தடை, நல்ல ரியூப் கிடைப்பதில்லையாம். புதிய வாகனங்களுக்கு ரியூப் இல்லாத ரயர்கள் வந்துவிட்டன. பழைய லொறி ரியூப் ஒன்று அகப்பட்டால் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுக் குளத்து மீனவரே வைத்துக்கொள்கிறார்கள், பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை.