ஏட்டோரத்தில் எழுதிய சீமாட்டி

ஆங்கில நாவல்களில் பிரபு வமிசத்துக் காதலர்கள் நடத்திவரும் நீண்ட ஆட்சிக்கு அஸ்திவாரமிட்டவர்களுள் தலையாயவர், தச்சர் ஒருவரின் புதல்வராய்ப் பிறந்து, லண்டன் மாநகரில் அச்சகம் நடத்தி ஜீவித்து, ஐம்பது பிராயம் கடந்த பின்னர் 1740-இல் 'பாமெலா' என்னும் தமது முதல் நாவலை வெளியிட்ட சாமுவேல் ரிச்சர்ட்ஸன். ஆனால் அந்த ஆட்சியின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் ஆசிரியரோடு நின்றுவிடலாகாது என்பது என் துணிபு. படித்துச் சீர்தூக்கிய வாசகருக்கும், சிறப்பாகப் பெண்மக்களுக்கும், அதில் சரிபாதி உரிமை உண்டு.

ரிச்சர்ட்ஸனின் 'கிளாரிஸா' 1747-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி ஓராண்டுக் காலத்தில் தவணை தவணையாக ஏழு பாகங்களில் வெளிவந்தது. ஒரு பிரபுவின் மருமானும் அவருடைய ஆஸ்திக்கு வாரிசுமான லவ்லேஸ், கிளாரிஸாவை வஞ்சித்து வீட்டினின்றும் அழைத்துச் சென்று சீரழிக்கும் பாதகன். எனினும் அவனுக்கு ஆசிரியர் ஈந்த அழகும் வாக்குச் சாதுரியமும் எத்தகையன எனில், அவனை வெறுக்க வேண்டிய வாசகரே அவன்மீது மையல் கொண்டனர். முடிவு என்னவாகுமோ என்று அடுத்த பாகத்துக்காகக் காத்திருந்தோருள், லங்காஷயரைச் சேர்ந்த, பாரனெட் என்னும் பட்டமுடைய ஒருவரின் மனைவியாகிய டாரத்தி பிராட்ஷா சீமாட்டி, 'பெல்போர்' என்ற புனைபெயரில் மறைந்துகொண்டு, அதுவரை முகமறியாத ஆசிரியருக்கு 1748-இல் ஒரு கடிதம் விடுத்தார். கிளாரிஸா மாளக்கூடாது, லவ்லேஸ் மனந்திருந்தி அவளை மணக்க வேண்டும் என்பதே அவர் விண்ணப்பம். அக்கொடியவனிடம் தம் நெஞ்சம் இளகியதை நாணத்தோடு ஒப்புக்கொண்ட அவர், இத்துணைத் தீயவனை இத்துணை இனியவனாக ஏன் படைத்தீர் என்றும் வினவினார். இலக்கிய விமரிசனத்தில் இதனினும் கூரிய வினா ஒன்றை நான் கண்டதில்லை.

ரிச்சர்ட்ஸன் இணங்கவில்லை, கிளாரிஸா மாண்டாள். சீமாட்டியோ சினந்து ஒதுங்கிவிடாமல், ஆண்டுக்கணக்கில் அவருடன் கடிதப் போக்குவரத்து நடத்தியதோடு, தமது பிரதியின் ஏட்டோரங்களிலெல்லாம் கண்டனமும் பாராட்டுமாக எழுதி நிரப்பி, தமக்குகந்த வேறொரு முடிவையும் தாமே எழுதி வைத்தார். பின்னாளில் அப்பிரதியை வாங்கிப் பார்த்த ஆசிரியர், அவருடைய குறிப்புகளின் அருகிலேயே தம் மறுமொழிகளையும் பொறித்தார். ஒரே ஏட்டில் அச்செழுத்தும் இருவர் கையெழுத்தும் வாதிடும் அந்த நூல் இன்றும் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் போற்றி வைக்கப்பட்டிருக்கிறது. லவ்லேஸின்மீது வாசகர் கொண்ட மோகம் ரிச்சர்ட்ஸனை உறுத்தவே, நற்குணமே உருவான பாரனெட் ஒருவனைத் தலைவனாக்கி 1753-இலும் 1754-இலுமாக 'ஸர் சார்லஸ் கிராண்டிஸன்' என்ற நாவலை இயற்றினார். அத்தகைய நல்லவனைப் படைக்கும்படி தூண்டியவர்களுள் அதே சீமாட்டியும் ஒருவர்.

அந்த நாவலை மனப்பாடமாக அறிந்திருந்த ஜேன் ஆஸ்டின், தாம் எழுதிய 'மான்ஸ்பீல்டு பார்க்', 'எம்மா' ஆகியவற்றைப் பற்றி உற்றார் உறவினர் கூறிய அபிப்பிராயங்களைத் தம் கைப்படத் தொகுத்து வைத்தார். கதாநாயகியைச் சாரமற்றவள் என்று சொன்ன சொந்தத் தாயாரின் தீர்ப்பும், சுவையற்ற கதையென்று கேள்விப்பட்டு முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டுமே படித்த ஒருவரின் செய்தியும் அதில் ஒளிக்கப்படாமல் இடம்பெற்றிருக்கின்றன. அவருடைய மற்றொரு நாவலின் தலைவனான டார்ஸி ஆண்டுக்குப் பதினாயிரம் பவுன் வருமானமும் தாய்வழியில் பிரபு வமிசத்து இரத்தமும் உடையவனே தவிரப் பட்டமேதும் இல்லாதவன். எனினும் அவனுக்குப் பின் வந்த கோமகன்களிற் பலரிடம் அவன் முகச்சாயலைக் காணலாம்.

லவ்லேஸின் சாயல் வேறோரிடத்தில் வெளிப்பட்டது. நோயுற்ற தம்பியை மகிழ்விக்கத் தாம் புனைந்த கதையை 1921-இல் 'தி பிளாக் மாத்' என்று நூலாக்கிய ஆங்கில நாவலாசிரியை ஜார்ஜெட் ஹேயர், அதிலே பெண்ணைத் தூக்கிச் செல்லும் ஆண்டோவர் கோமகனை வில்லனாக நிறுத்தினார். அவனை விட்டுவிட அவருக்கே மனம் வரவில்லை. 1926-இல் 'தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்' என்ற நாவலில் ஏவன் கோமகன் என்ற வேறு பெயரில் அவனையே தலைவனாக்கி, காதலால் கனியச் செய்து, மணமும் முடித்து வைத்தார். பிராட்ஷா சீமாட்டி லவ்லேஸுக்காக மன்றாடிக் கேட்டதும் இதையேதான்.