மூடிய பெட்டியும் பின்புத்தியும்

அமெரிக்காவின் தெரானோஸ் கம்பனி பற்றிப் பேச்செழும்போதெல்லாம் எம்மவரில் பலர் 'அது ஏமாற்று என்று அன்றே தெரியும்' என்கின்றனர். அதன் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் 2022இல் குற்றவாளியெனக் காணப்பட்டு, 11 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்ற பின்னர் இப்படிச் சொல்வதற்கு எந்தத் துணிவும் தேவையில்லை. வரலாறு கற்பித்த காலத்தில் மாணவருக்கு நான் வலியுறுத்தி வந்த ஒன்றை இங்கும் வலியுறுத்த வேண்டியுள்ளது. அன்று எதை அறிந்திருக்க முடியும், எதை இன்றுதான் அறிகிறோம் என்று பிரித்துப் பார்க்காத எந்த மதிப்பீடும் வரலாறாகாது. பின்புத்தியை ஐயவாதமெனக் கொள்பவரை அடுத்த பெட்டிக்காரனும் இலகுவில் ஏமாற்றுவான்.

2003இல், ஸ்டான்போர்ட் மாணவியாயிருந்த ஹோம்ஸ் தமது 19ஆவது வயதில் கம்பனியைத் தொடங்கினார். விரல்நுனியில் எடுக்கும் சில துளி இரத்தத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கான பரிசோதனைகள் செய்யலாம் என்பதே வாக்குறுதி. 2013இல் வோல்கிரீன்ஸ் மருந்துக்கடைகளில் சேவை ஆரம்பமாயிற்று. 2014இல் கம்பனியின் மதிப்பு 900 கோடி டொலர் எனப்பட்டது. பணிப்பாளர் சபையில் ஜோர்ஜ் ஷுல்ட்ஸ், ஹென்றி கிசிங்கர் போன்ற முன்னாள் வெளிநாட்டமைச்சர்கள் இருந்தனர். இரத்தப் பரிசோதனை அறிந்தவரைக் காண்பதே அரிது.

வாக்குறுதி கேட்டவுடன் சிரிக்கத்தக்கதாக இருக்கவில்லை. நான் நீரிழிவுக்காரன். ஒவ்வொரு காலையும் விரலைக் குத்தி ஒரு துளியில் சீனியின் அளவைப் பார்க்கிறேன். அது வேலை செய்கிறது. ஆனால் இரத்தத்தில் சீனி தாராளமாக உண்டு. ஹோர்மோன்கள் பல மிகச் சொற்பம். விரலைப் பிழிந்தெடுக்கும் இரத்தத்தில் திசுநீர் கலக்கும். செங்கலங்கள் உடைந்தால் பொட்டாசியம் அதிகமாகக் காட்டும். இவை 2013இலும் ஆய்வுகூடத்தில் வேலை செய்தோர் அறிந்த விடயங்களே.

ஆகவே காலத்தோடு ஐயுற்றவர்கள் யார்? 2015 பெப்ரவரியில் ஜோன் அயொனிடிஸ் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில், பிற ஆய்வாளர் பரிசீலிக்கக்கூடிய கட்டுரை எதுவும் இல்லாமல் இத்தகைய கண்டுபிடிப்பை எப்படி மதிப்பிடுவது எனக் கேட்டார். அதே ஆண்டில் ரொரன்ரோவின் எலெப்தெரியோஸ் டயமண்டிஸும் கம்பனியின் உரிமைகோரல்களைக் கேள்விக்குட்படுத்தினார். வோல் ஸ்ட்ரீட் ஜேர்ணலில் ஜோன் கரிரூவின் அம்பலப்படுத்தல் வெளிவந்தது அதன் பின்னரே, 2015 ஒக்டோபரில். முன்னைய இருவரும் அவர் கள்ளி என்று சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து காட்டு என்றனர்.

இந்தப் பெட்டிக்கு ஒரு மூதாதையும் உண்டு. முதலாம் உலகப்போர்க் காலத்தையொட்டி, அதே சான் பிரான்சிஸ்கோ வளைகுடாக் கரையில், வைத்தியர் அல்பேர்ட் ஏப்ரம்ஸ் காகிதத்தில் உலர்ந்த ஒரு துளி இரத்தத்தைத் தம் கருவியில் வைத்து நோய்களையெல்லாம் கண்டறிவதாகக் கூறினார். அவரது சிகிச்சைக் கருவி வாடகைக்கே விடப்பட்டது; திறந்து பார்ப்பது தடை. சயன்ரிபிக் அமெரிக்கன் சஞ்சிகை அமைத்த குழு 1923-24இல் ஆராய்ந்து, அவரது உரிமைகோரலில் ஏதுமில்லை என்றது. ஆனால் 1922இல் அவரைப் புகழ்ந்தெழுதியவர் யார்? சிக்காகோ இறைச்சித் தொழிற்சாலைகளை 1906இல் 'த ஜங்கிள்' நாவலில் தோலுரித்த சோசலிஸ்ட் அப்டன் சிங்கிளெயர். முதலாளிமாரை நம்பாத அந்த மனிதர், மருத்துவ அதிகாரபீடம் எதிர்த்தது என்பதாலேயே இவரை நம்பினார் போலும். எம் போன்ற இடதுசாரி வாசகர்கள் இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. கற்றலின் கரிக்கோ 1995இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பதவியிறக்கப்பட்டார், அவரது எம்.ஆர்.என்.ஏ. ஆராய்ச்சியை நம்பிப் பணம் தருவார் இல்லை. ட்ரூ வைஸ்மனுடன் அவர் 2005இல் வெளியிட்ட கட்டுரை, 2023இல் நோபல் பரிசுக்கு இட்டுச்சென்றது. அத்துறையில் 2010இல் தோன்றிய மொடேர்னாவும் இரகசியம் காப்பதாக விமர்சிக்கப்பட்டதே. ஆயினும் 2020இல் அதன் தடுப்பூசி ஏறத்தாழ 30,000 பேரில் பரீட்சிக்கப்பட்டது, பெறுபேறு பகிரங்கமாயிற்று. எதையும் நம்பாதிருப்பது ஓர் ஆய்வுமுறை ஆகாது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

இப்போது நான் ஒரு தொழிற்சாலையில் உதிரிப்பாகங்களை அளக்கிறேன். என் அளவுமானியை நானே சரியென்று சொல்ல முடியாது. குறித்த காலத்துக்கொருமுறை வெளியிலிருந்து ஒருவர் வந்து சரிபார்ப்பார். தெரானோஸ் ஆய்வுகூட மேசையில் வேலை செய்த இளம் ஊழியர் எரிக்கா சியுங் கண்டது இதைத்தான்: தரக்கட்டுப்பாட்டு மாதிரிகளே தவறான விடை தந்தன. அவர் அரசாங்க மேற்பார்வையாளருக்கு எழுதினார். உடன் பணிபுரிந்த டைலர் ஷுல்ட்ஸ் சொன்னபோது, பணிப்பாளராயிருந்த பாட்டனார் ஜோர்ஜ் ஷுல்ட்ஸே நம்பவில்லை. கீழ்மட்டத்தில் தெரிந்தது மேல்மட்டத்துக்கு ஏறவில்லை. 2016இல் கம்பனி தனது 'எடிசன்' கருவியின் இரண்டாண்டுப் பெறுபேறுகளை இரத்துச் செய்தது.

அரிசோனாவில் ஒரு கர்ப்பிணிக்கு, கரு கலைகிறது என்ற கருத்துத் தரும் பிழையான பெறுபேறு கிடைத்தது. கரு நலமாகவே இருந்தது. ஹோம்ஸோ முதலீட்டாளரை ஏமாற்றியதற்கே தண்டிக்கப்பட்டார். நோயாளிகள் தொடர்பான குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவரது பங்காளி பல்வானி மீது மட்டும் அவையும் நிரூபணமாயின.

இன்று செயற்கை நுண்ணறிவு நோய்களைக் கண்டறியும் என்று புதிய பெட்டிகள் வருகின்றன. இவற்றில் எது நிலைக்கும், எது சரியும் என்று கட்டியம் கூற நான் வரவில்லை. யார் சரிபார்த்தார், எத்தனை பேரில், பெறுபேறு எங்கே வெளியாயிற்று, பிழைத்தால் யாருடைய உடம்பு பிழைக்கும் என்ற நான்கு கேள்விகளை இப்போதே கேட்கலாம். 'அன்றே தெரியும்' என்று பின்னொருநாள் சொல்ல விரும்பும் நண்பர்கள், தமது ஐயத்தையும் அதற்கான காரணத்தையும் இன்றைய திகதியிட்டு இச்சஞ்சிகைக்கு எழுதியனுப்பட்டும்.