பூட்டனுக்கு வந்த கால் அணாக் கார்டுகள்



அப்பத்தாவின் தகரப் பெட்டியில் கரையான் மிச்சம் வைத்த போஸ்ட் கார்டுகள் மூன்று இருக்கின்றன. நம் நாட்டில் கார்டு வந்தது 1879-ல். விலை கால் அணா. அதற்கு மூன்று வருஷம் முன்புதான் தாது வருஷப் பஞ்சம். உழவு மாட்டை விற்றுவிட்டு என் பூட்டன் மதுரைக்குப் பிழைக்க வந்தார். மேலூர்ப் பக்கம் ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய அண்ணன் எழுதியவை இவை.

க்ஷேமம் விசாரிப்பு ஒரு வரிதான். மீதியெல்லாம் கண்மாய். மடைக்குத் தண்ணீர் ஏறவில்லை, நாற்றுப் பாவ முடியவில்லை, கமலை இறைத்து மாடு ஓய்ந்துவிட்டது, கிஸ்திக்கு என்ன செய்ய? இடம் போதாமல் ஓரத்தில் தலைகீழாகவும் எழுதியிருக்கிறார். மெய்யெழுத்துக்குப் புள்ளியே கிடையாது. (என்னிடம் படித்திருந்தால் அடி வாங்கியிருப்பார்!) படித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

மூன்றாவது கார்டு வேறு மாதிரி. 1895 அக்டோபரில் பெரியாறு அணை திறந்து, பேரணையிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு எழுதியது. இனி வானத்தையே பார்த்திருக்க வேண்டாம், உன் பங்கு அப்படியே கிடக்கிறது, வந்துவிடு என்று தம்பியைக் கூப்பிடுகிறார்.

பூட்டன் போகவில்லை.

பெரிய பூட்டன் வழிப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அவர் எழுதிய பதில் கார்டு உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறதா என்று கொஞ்சம் பாருங்கள்.