உதிர்ந்துபோன ‘ஆம்’

ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் உறுதியில்லாத சேதிக்கு முன்னால் ‘அலெஜட்லி’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நமக்கு அவ்வளவு நீளம் வேண்டாம். “வந்தான்” என்றால் என் பொறுப்பில் சொல்கிறேன். “வந்தானாம்” என்றால் பழி என்மேல் இல்லை.

ஆம்பூரைத் தாண்டும்போதெல்லாம், ரயிலுக்குள் தோல் வாசனை வந்ததும் எனக்கு வேலூர்க் கோட்டை ஞாபகம் வரும். 1805 நவம்பரில் சென்னைப் படையின் தளபதி கிரடாக், சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை விதித்தார். அதில் தோலால் செய்த ஒரு சின்னம். தோல் என்பது மெய். பசுத்தோலாம், பன்றித்தோலாம் என்பது பேச்சு. ஆனால் நெற்றிக்குறியை அழி, தாடியை எடு என்ற உத்தரவும் கூடவே வந்தது. அப்புறம் யார் ‘ஆம்’ சேர்த்துப் பேசுவார்கள்? நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன். 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டை வெடித்தது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அன்றே அடக்கியது.

அடுத்தது துரைமார்களின் முறை. கோட்டையில் காவலிலிருந்த திப்புவின் பிள்ளைகள் தூண்டிவிட்டார்களாம்! அந்த ‘ஆம்’ உதிர அதிக நாளாகவில்லை. குடும்பத்தையே கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். தலைப்பாகை உத்தரவு ரத்தாயிற்று. 1807-ல் கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்க்கையும் கம்பெனி திரும்ப அழைத்துக்கொண்டது.