வீட்டுப் பேச்சு வீட்டோடு இருக்கட்டும்: சொந்தக் குரல் உதவியாளரை அமைப்பது எப்படி?

வாயால் சொன்னாலே விளக்கு எரியும், காத்தாடி சுற்றும் வீடுகள் இப்போது புதுமையல்ல. எழுந்து நடக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால், சந்தையில் விற்கும் பெரும்பாலான குரல் உதவியாளர்கள் நாம் பேசுவதை இணையம் வழி நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பிய பிறகே புரிந்துகொள்கின்றன.

இந்தப் பதிவுகள் தொடர்பில் சர்ச்சைகளும் எழுந்துள்ளன. சிறுவர்களின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததாக அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கில், 2023ஆம் ஆண்டு அமேசான் 2.5 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. குரல் பதிவை நிறுவனத்திற்கு அனுப்பாதிருக்க அதன் சில எக்கோ கருவிகளில் இருந்த வசதியும் 2025 மார்ச் 28ஆம் தேதி நீக்கப்பட்டது.

இதற்கு மாற்றாக இருப்பது ‘ஹோம் அசிஸ்டண்ட்’ எனும் இலவச, திறந்த மூல மென்பொருள். 2013இல் தொடங்கப்பட்ட இம்மென்பொருள், 2023ஐக் ‘குரல் ஆண்டு’ என அறிவித்து, வீட்டுக்குள்ளேயே இயங்கும் குரல் வசதியை வளர்த்தது.

எப்படி இயங்குகிறது?

முதலில் ‘ஓகே நாபு’ போன்ற விழிப்புச் சொல்லைக் கேட்டுக் கருவி விழிக்கும். அடுத்து, ‘விஸ்பர்’ எனும் மென்பொருள் பேச்சை எழுத்தாக்கும். ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட இதற்குத் தமிழும் தெரியும். பின்னர் ஹோம் அசிஸ்டண்ட் அந்த எழுத்தைக் கட்டளையாக மாற்றி நிறைவேற்றும். கடைசியாக, ‘பைப்பர்’ எனும் மென்பொருள் பதிலைக் குரலாக்கும். இந்த நான்கும் வீட்டிலுள்ள கருவிகளிலேயே நடக்கும்.

என்ன தேவை?

எப்போதும் இயங்கும் ஒரு சிறு கணினி தேவை. ராஸ்பெர்ரி பை 4இல் விஸ்பர் ஒரு கட்டளையைப் புரிந்துகொள்ள ஏறக்குறைய 8 விநாடி ஆகும். இன்டெல் நக் வகைக் கணினியில் ஒரு விநாடிக்கும் குறைவு. ஒலிவாங்கிக்கு 2024 டிசம்பரில் வெளிவந்த ‘வாய்ஸ் பிரிவியூ எடிஷன்’ கருவியை வாங்கலாம். பழைய திறன்பேசியில் ஹோம் அசிஸ்டண்ட் செயலியைப் பதிவிறக்கியும் தொடங்கலாம்.

தமிழில் பேசினால்?

வீட்டில் யாரும் ‘விளக்கை ஒளிரச் செய்’ என்று சொல்வதில்லை. ஒருவர் ‘லைட்ட போடு’ என்பார், இன்னொருவர் ‘வெளக்க போடு’ என்பார். ஹோம் அசிஸ்டண்டில் ஒரே செயலுக்குப் பல வாக்கியங்களை நாமே எழுதி வைக்கலாம். பாட்டி சொல்லும் விதத்தையே கட்டளையாக்கலாம் என்பதே இதன் பெரிய பலம். பேச்சுத் தமிழை விஸ்பர் சில வேளைகளில் வேறு எழுத்தில் பதியும். அது எப்படிப் பதிகிறது என்று பார்த்து, அந்த வடிவத்தையும் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

குரல் வீட்டுக்குள் இருந்தாலும், சில வைஃபை சுவிட்சுகள் தயாரிப்பாளரின் இணையச் சேவை வழியாகவே இயங்கும். ஆகவே, ஸிக்பீ போன்ற உள்ளூர்க் கட்டுப்பாடு கொண்டவற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இணையம் வழி இயங்கும் செயற்கை நுண்ணறிவுச் சேவையை இத்துடன் இணைத்தால், நம் சொற்கள் மீண்டும் வெளியே போகும். சுவரிலுள்ள சுவிட்சுகளை மாற்றும் வேலையைப் பதிவு பெற்ற வயர்மேனிடம் விடுவதே பாதுகாப்பு. மென்பொருளைப் புதுப்பிப்பதும், கடவுச்சொல்லைக் காப்பதும், அமைப்புகளுக்கு நகல் எடுத்து வைப்பதும் இனி வீட்டாரின் பொறுப்பு.

முதலில் ஒரே ஒரு விளக்கோடு தொடங்கலாம். அது சரியாக இயங்கியதும், வீட்டு வைஃபையை அணைக்காமல், வெளியிலிருந்து வரும் இணையக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு ‘லைட்ட போடு’ என்று சொல்லிப் பாருங்கள். விளக்கு எரிந்தால், அந்தக் கட்டளைக்கு வெளியார் உதவி தேவையில்லை என்பது உறுதி.